துப்பாக்கிக்கு லைசென்ஸ் உண்டு, குண்டுக்கு வழி எங்கே?

(பயிர்ப் பாதுகாப்பு உரிமை கேட்டு மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில் நடந்த விளக்கக் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை. விவசாயிகள் படித்துவிட்டு அடுத்தவருக்குக் கொடுக்கவும்.)

அன்பார்ந்த விவசாயப் பெருமக்களே! தாய்மார்களே! இந்த வழியாகப் போகும்போது என்ன கூட்டம் என்று நின்று கேட்கிற தாம்பரத்துப் பொதுமக்களே! 

தாம்பரத்தில் விவசாயிக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கிறார்கள். ஏரியெல்லாம் பிளாட் ஆகிவிட்டது, வயலெல்லாம் அபார்ட்மென்ட் ஆகிவிட்டது, இன்னும் என்னய்யா விவசாயி என்கிறார்கள். மணிமங்கலம் பக்கம் போய்ப் பாருங்கள். திருப்போரூர் பக்கம் பாருங்கள். மதுராந்தகம், அச்சிறுப்பாக்கம் வரைக்கும் போய்ப் பாருங்கள். நெல் இருக்கு, வேர்க்கடலை இருக்கு, கரும்பு இருக்கு. ராத்திரியானால் அதைத் தோண்டித் தின்ன காட்டுப்பன்றியும் இருக்கு. பன்றி கூட்டமாக இறங்கினால் கடலைக் கொல்லையில் மிச்சம் ஒன்றும் இருக்காது. தின்னுவது கொஞ்சம், உழுது தள்ளுவது மிச்சம். விதை, உரம், கூலி, கடன், எல்லாம் ஒரே ராத்திரியில் போய்விடும்.

இதற்கு விவசாயி என்ன செய்வான்? தகர டப்பா தட்டுகிறான், பட்டாசு கொளுத்துகிறான், பழைய சேலையை வரப்பில் கட்டுகிறான். ரெண்டு நாள் பயப்படும், மூணாம் நாள் பன்றிக்கே பழகிப்போகும். அப்புறம்தான் தப்பான வழிக்குப் போகிறான். ஒருத்தன் வேலியில் கரண்ட் வைக்கிறான். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளிப் பக்கம் அப்படி வைத்த வேலியில் மூன்று யானைகள் செத்தன. விவசாயி கைதானார். இன்னொருத்தன் அவுட்டுக்காய் வைக்கிறான். 2020 மே மாதம் பாலக்காட்டுப் பக்கம் வெடி வைத்த காயைக் கடித்து வாய் சிதைந்து செத்தது சினை யானை. உலகமே பார்த்து அழுதது. இன்னொருத்தன் லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கியை மறைத்து வைக்கிறான். ஒரு நாள் போலீஸ் வருகிறது. பன்றி தின்றது பாதி, கோர்ட்டு தின்றது மீதி!

சட்டப்படியான ஒரு வழி இருக்கிறது. அந்த வழியை நடக்க முடியாதபடி வைத்திருப்பதைக் கண்டித்துத்தான் இந்தக் கூட்டம்.

சட்டம் விவசாயிக்குக் கொடுத்தது என்ன?

1878-ல் வெள்ளைக்காரன் போட்ட ஆயுதச் சட்டம் நம்மை நிராயுதபாணி ஆக்கப் போட்ட சட்டம். சுதந்திரம் வந்த பிறகு அதை எடுத்துவிட்டு 1959-ல் நம்ம பாராளுமன்றம் புதுச் சட்டம் போட்டது. அந்தச் சட்டத்தின் 13-வது பிரிவு, 3-வது உட்பிரிவைப் படியுங்கள். உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக ஒரு இந்தியக் குடிமகன் வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி கேட்டால், லைசென்ஸ் அதிகாரி கொடுக்க வேண்டும் என்கிறது. "கொடுக்கலாம்" என்று இல்லை, "கொடுக்க வேண்டும்" என்று இருக்கிறது. அந்தத் துப்பாக்கி பயிரைக் காக்கப் போதாது என்று அதிகாரிக்குப் பட்டால், வேறு வழுவழுப்புக் குழல் துப்பாக்கிக்கும் லைசென்ஸ் தரலாம் என்று கூடவே சொல்லியிருக்கிறது.

14-வது பிரிவில் மறுப்பதற்கு என்னென்ன காரணம் என்று எழுதியிருக்கிறது. குற்ற வழக்கு, மனநிலை, பொது அமைதி, இப்படி. சரி, அது நியாயம். அதே பிரிவில் இன்னொன்றும் இருக்கிறது. போதுமான சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக லைசென்ஸ் மறுக்கக் கூடாது! அம்பது சென்ட் வைத்திருப்பவனுக்கும் அம்பது ஏக்கர் வைத்திருப்பவனுக்கும் இந்த விஷயத்தில் ஒரே சட்டம்தான். மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்யணும். கேட்டால் சுருக்கமாகத் தரணும். 18-வது பிரிவில் மேல்முறையீடு உண்டு. இதையெல்லாம் எந்த ஆபீசிலும் நமக்குச் சொல்லமாட்டார்கள். அதனால்தான் நோட்டீஸ் போட்டுச் சொல்கிறோம்.

லைசென்ஸ் வந்தது, துப்பாக்கி வந்தது. அப்புறம்?

இங்கேதான் கூத்து. பழைய லைசென்ஸ்காரர்கள் இன்னும் சில பேர் நம்ம ஊர்களில் இருக்கிறார்கள். அப்பன் காலத்து எஸ்.பி.எம்.எல்., அதாவது ஒற்றைக்குழல் கெட்டிப்புத் துப்பாக்கி. அதற்கு மூணு சாமான் வேணும். கருமருந்து, கேப்பு, குண்டு அல்லது ரவை. நம்ம பக்கத்தில் எந்தக் கூட்டுறவுக் கடையில் கிடைக்கும்? எந்த வேளாண் டிப்போவில் கிடைக்கும்? பட்டணத்துத் துப்பாக்கிக் கடைக்குப் போய்க் கேட்டால் தோட்டா வேணுமா என்கிறான். தோட்டா பின்பக்கம் திறக்கிற துப்பாக்கிக்கு. நம்ம துப்பாக்கிக்கு அதை வாயில் வைத்து ஊதவா முடியும்?

சாமான் கிடைக்காதபோது என்ன நடக்கிறது? சைக்கிள் கடையில் பால்ரஸ் வாங்குகிறான். இல்லாவிட்டால் ஆணித்தலை, கம்பித்துண்டு, கூழாங்கல், கையில் கிடைத்ததைப் போட்டுத் தேங்காய் நாரை வைத்து இடிக்கிறான். பேப்பரில் வருகிற எந்த நாட்டுத் துப்பாக்கிச் செய்தியையும் எடுத்துப் பாருங்கள், கடைசி வரியில் "பால்ரஸ் குண்டுகள் பறிமுதல்" என்று இருக்கும். சரியான குண்டு நேர்வழியில் கிடைக்காத நாட்டில் சைக்கிள் கடைதான் ஆயுதக் கடை ஆகும்.

எந்தக் குழலுக்கு எந்தக் குண்டு?

நம்ம ஆட்களே பல பேருக்கு இது சரியாகத் தெரியாது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

12 போர் என்கிறோமே, அது என்ன கணக்கு? ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டையாக்கினால், ஒரு உருண்டை எந்தக் குழலுக்குள் சரியாக நுழையுமோ அது 12 போர். ஒரு பவுண்டு 454 கிராம். அப்படியானால் ஒரு உருண்டை ஏறக்குறைய 38 கிராம், குறுக்களவு 18.5 மில்லிமீட்டர். 16 போருக்கு உருண்டை 28 கிராம், 20 போருக்கு 23 கிராம் அளவில் வரும். நம்பர் கூடக் கூடக் குழல் சின்னது. பல பேர் இதைத் தலைகீழாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதைவிடச் சின்ன வாய்த் துப்பாக்கிகள் உண்டு. அமெரிக்காவில் .32, .36 என்று அங்குலக் கணக்கில் சொல்வார்கள். .32-க்குப் போடுகிற உருண்டை ஈயம் 3 கிராம்தான், 8 மில்லிமீட்டர் குறுக்களவு. .36-க்கு 4 கிராம் சொச்சம். அது அணில், முயலுக்காகச் செய்த துப்பாக்கி. மான் அளவு மிருகத்துக்கு அவர்கள் .45, .50 எடுக்கிறார்கள். .50-க்கு உருண்டை 11 கிராமுக்கு மேல். நூறு கிலோ எடையுள்ள கிழட்டு ஆண் பன்றியை நினைத்துப் பாருங்கள். தோள்பட்டையில் தோலும் கொழுப்பும் கேடயம் மாதிரி இறுகியிருக்கும். அதன் மேல் 3 கிராம் குண்டை விட்டால் சாகாது. காயத்தோடு கரும்புக்குள் படுத்துக்கொள்ளும். விடிகாலையில் தண்ணி பாய்ச்சப் போகிற பொம்பளையை அடித்துக் கிழிக்கும். சின்ன வாய், சின்ன குண்டு, பெரிய மிருகம் என்றால் ஆபத்து நமக்குத்தான்.

இன்னொரு சாமானைப் பற்றிச் சில இளைஞர்கள் கேட்கிறார்கள். 'சாபோ' என்று வெளிநாட்டில் விற்கிறதாமே, வரவழைக்கலாமா என்று. சாபோ என்றால் பிரெஞ்சு மொழியில் மரக்கட்டைச் செருப்பு. குழல் பெரிசு, குண்டு சின்னது என்றால் இடைவெளியை அடைக்க, குண்டுக்குச் செருப்பு மாதிரி ஒரு பிளாஸ்டிக் கிண்ணம் போட்டு இறக்குவார்கள். வெளியே வந்ததும் கிண்ணம் கழன்று விழும், குண்டு மட்டும் போகும். ஆனால் அது குழலுக்குள் சுருள் வரி வெட்டிய ரைஃபிளுக்குச் செய்தது. அந்த வரி குண்டைச் சுழற்றிவிடும். சுழன்றால்தான் நீளக் குண்டு நேராகப் போகும். அதிலும் வரியின் சுற்று வேகமாக இருக்கணும், கிண்ணத்தின் தடிமன் குழலுக்கும் குண்டுக்கும் பொருந்தணும். அங்கேயே குழல் சின்னதாக ஆக ஆகப் பொருத்தமான கிண்ணம் கிடைப்பது கஷ்டம். அதனால் .32, .36-க்கெல்லாம் மெல்லிய பருத்தித் துணியில் உருண்டை ஈயத்தைச் சுற்றி இறக்குகிற பழைய முறைதான். நம்ம கையில் இருப்பது வரியில்லாத வழுவழுப்புக் குழல். இதில் சாபோவும் நீளக் குண்டும் போட்டால் அது குட்டிக்கரணம் போட்டுக்கொண்டு போகும். பன்றி நிற்கிற இடத்துக்குப் போகாது, பக்கத்துக் கொல்லையில் நிற்கிற மனுஷன்மேல் போகும். காசைக் கொட்டி வாங்காதீர்கள். சட்டப்படி இறக்குமதிக்கும் தனி அனுமதி வேணும்.

நம்ம குழலுக்கு ஏற்றது கலப்பில்லாத மெத்து ஈய உருண்டை. குழலின் வாயைவிட ஒரு நூல் சின்னதாக இருக்கணும், துணி ஒட்டோ தக்கையோ அந்த இடைவெளியை அடைக்கணும். ஏன் ஈயம்? கனம் அதிகம், மெத்து, குழலைக் கீறாது, அடித்த இடத்தில் நசுங்கி நிற்கும். பால்ரஸ் எஃகு. நசுங்காது, குழலைத் தேய்க்கும், கல்லில் பட்டால் தெறித்துத் திரும்பும்.

மூணு எச்சரிக்கை. ஒன்று, குண்டு மருந்தின் மேல் போய் உட்காராமல் பாதிக் குழலில் நின்றால் சுடாதீர்கள். இடையில் காலி இடம் இருந்தால் குழல் வெடித்துக் கையும் கண்ணும் போகும். கோலில் கோடு போட்டு வைத்துப் பாருங்கள், ஒவ்வொரு தடவையும். இரண்டு, தோட்டாவைப் பிரித்து அந்த மருந்தை இதில் போடாதீர்கள். அது புகையில்லா மருந்து, அழுத்தம் பல மடங்கு. பட்டாசு மருந்தும் கூடவே கூடாது. மூன்று, வீட்டில் மருந்து அரைப்பது, பேட்டரி ஈயத்தை அடுப்படியில் உருக்குவது, ரெண்டும் வேண்டாம். அனுமதியில்லாமல் மருந்து தயாரிப்பது குற்றம். ஈயப்புகை குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும்.

வெளியூர்க்காரனுக்கு உள்ளது நமக்கு ஏன் இல்லை?

அமெரிக்காவில் கெட்டிப்புத் துப்பாக்கிக்கென்றே பல மாநிலங்கள் தனி வேட்டைப் பருவம் வைத்திருக்கின்றன. குண்டு எத்தனை கிராம், துணி எத்தனை தடிமன் என்று கடையில் உட்கார்ந்து பேசி வாங்குகிறான். அவன் பொழுதுபோக்குக்குச் சுடுகிறான், நாம் சோற்றைக் காப்பாற்றக் கேட்கிறோம். அத்தனை தூரம் போக வேண்டாம். பக்கத்துக் குடகில் குடவர்களுக்கும் ஜம்மா நிலக்காரர்களுக்கும் ஆயுத லைசென்சிலிருந்தே விலக்கு உண்டு, 2029 வரை நீட்டித்திருக்கிறார்கள். கேரளாவில் 2022-ல் உள்ளாட்சித் தலைவர்களுக்கே கௌரவ வனவிலங்குக் காப்பாளர் அதிகாரம் கொடுத்து, லைசென்ஸ் உள்ளவர்களைக் கொண்டு காட்டுப்பன்றியைச் சுட வழி செய்தார்கள்.

நம்ம மாநிலத்தில் எது இல்லை? திருச்சியில் மத்திய அரசின் துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கு. நீலகிரி அருவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலை இருக்கு. ஊர் உலகத்துக்கே பட்டாசு கொடுக்கிற சிவகாசி இருக்கு. இத்தனையும் இருந்து, லைசென்ஸ் வைத்திருக்கிற சம்சாரிக்கு நாலு ஈய உருண்டையும் ஒரு டப்பா கேப்பும் நேர்வழியில் கொடுக்க வழியில்லை என்றால் அதை யார் நம்புவது?

லைசென்ஸ் இருந்தால் சுடலாமா?

இதை நம்ம ஆட்களுக்கே அழுத்திச் சொல்கிறேன். துப்பாக்கி லைசென்ஸ் வேறு, மிருகத்தைச் சுடும் அனுமதி வேறு. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் காட்டுப்பன்றி இருக்கிறது. 2022 திருத்தத்துக்குப் பிறகு இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. 11-வது பிரிவுப்படி நிற்கும் பயிருக்கு ஆபத்து என்றால் தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவர் அதிகாரம் கொடுத்த அதிகாரியோ எழுத்தில் உத்தரவு போடலாம். உத்தரவு இல்லாமல் சுட்டால் மூன்று வருஷம் வரை ஜெயில், ஒரு லட்சம் வரை அபராதம். செத்த பன்றி அரசாங்கச் சொத்து, கறி போடுவதும் குற்றம். லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி என்றால் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது இரண்டு வருஷம், அதிகம் ஐந்து வருஷம். ஒரு கடலை மூட்டைக்காக ஐந்து வருஷத்தைக் கொடுக்காதீர்கள்.

2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு அறிவிப்புச் செய்தது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை சுட அனுமதியில்லை. ஒன்றிலிருந்து மூன்று வரை பிடித்துக் காட்டில் விடவேண்டும். மூன்றுக்கு மேல் வனத்துறையே சுடும். நல்லது, வரவேற்கிறோம். ஆனால் நம்ம பக்கம் வண்டலூர் காப்புக்காடு, நன்மங்கலம் காப்புக்காடு என்று அங்கங்கே காடு இருக்கிறது. சுற்றியுள்ள வயல் எல்லாம் முதல் இரண்டு வளையத்தில் விழுந்துவிடும். அங்கே பன்றியைப் பிடிக்கணும் என்றால் கூண்டு எத்தனை? ஆள் எத்தனை? மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் சுடணும் என்றால், ராத்திரி ரெண்டு மணிக்குப் போன் போட்டால் யார் வருவார்கள்?

இன்னொரு உண்மையையும் பேசணும். முடிச்சூர், மண்ணிவாக்கம், நெடுங்குன்றம் மாதிரி வயலுக்கு வரப்பாக அபார்ட்மென்ட் நிற்கிற இடத்தில் துப்பாக்கி தீர்வே இல்லை. குண்டு பல நூறு மீட்டர் போகும். பால்கனியில் துணி காயப்போடுகிறவளும் நம்ம சகோதரிதான். அங்கே கூண்டும், சூரிய வேலிக்கு மானியமும், உடனடி நஷ்டஈடும்தான் வழி. துப்பாக்கி கேட்பது அச்சிறுப்பாக்கம் மாதிரி வெட்டவெளிக் கொல்லைக்கு.

எந்த ஆபீஸ் போகணும்?

2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டம் ஆனது. 2022 ஜனவரியில் தாம்பரம் போலீஸ் கமிஷனரகம் வந்தது. கமிஷனரகத்துக்குள் வருகிற ஊருக்கு லைசென்ஸ் அதிகாரி போலீஸ் கமிஷனர், வெளியே இருக்கிற ஊருக்கு கலெக்டர். மணிமங்கலத்துக்காரர் காஞ்சிபுரம் மாவட்டம், ஆனால் போலீஸ் தாம்பரம்! பழைய ஃபைல் எங்கே இருக்கு என்று மூணு ஆபீஸ் ஏறி இறங்குகிறார்கள் நம்ம பெரியவர்கள். வேடந்தாங்கல், கரிக்கிலி சரணாலயங்களைச் சுற்றி இருப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்கணும். சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் இருந்தால், வனவிலங்குச் சட்டம் 34-வது பிரிவுப்படி லைசென்ஸ்காரர் வனத்துறையிடம் பதிவு செய்யணும். புது லைசென்சுக்கு தலைமை வன உயிரினக் காப்பாளரின் சம்மதமும் வேணும்.

எலெக்‌ஷன் வந்தால் வேறு கதை. துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படை என்பார்கள். சட்டத்துக்குக் கட்டுப்பட்டு ஒப்படைக்கிறோம். எலெக்‌ஷன் முடிந்தும் திரும்பி வர மாதக்கணக்கு ஆகிறது. கடலை அறுவடை எலெக்‌ஷன் கமிஷனுக்காகக் காத்திருக்குமா? பன்றிக்கு நன்னடத்தை விதி உண்டா?

நம் கோரிக்கைகள்

1. பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸ் மனுக்கள் மீது காலக்கெடு வைத்து முடிவெடு! மறுத்தால் காரணத்தை எழுத்தில் கொடு!

2. லைசென்ஸ் உள்ள விவசாயிக்கு தரம் பார்த்த மருந்து, கேப்பு, குழல் அளவுக்கேற்ற ஈய உருண்டை ஆகியவற்றை மாவட்டத்துக்கு ஒரு அங்கீகரிக்கப்பட்ட இடத்தில், கணக்கு வைத்து, நியாய விலையில் வழங்கு!

3. பழைய குழல்களை ஆண்டுக்கு ஒரு முறை இலவசமாகச் சோதித்துச் சான்று கொடு! பாதுகாப்புப் பயிற்சியை தாலுகா அளவில் நடத்து!

4. காட்டுப்பன்றிப் புகாருக்கு இரவிலும் வரக்கூடிய வனத்துறைக் குழு, போதிய கூண்டுகளுடன் செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டங்களில் அமை!

5. பயிர்ச் சேதத்துக்கு உற்பத்திச் செலவை ஈடுகட்டும் இழப்பீட்டை 30 நாளில் வழங்கு!

6. தேர்தலுக்கு ஒப்படைத்த துப்பாக்கிகளை முடிவு வந்த ஒரு வாரத்தில் திருப்பிக் கொடு!

7. கமிஷனரகம், கலெக்டர் ஆபீஸ் இரண்டுக்கும் இடையே தேங்கிக் கிடக்கும் பழைய ஃபைல்களுக்கு ஒரு சிறப்பு முகாம் நடத்து!

விவசாயிகள் செய்ய வேண்டியது

சங்கக் கிளை மூலம் ஊர்வாரியாகக் கணக்கு எடுங்கள். யாரிடம் லைசென்ஸ் இருக்கு, தனி அடையாள எண் வாங்கியாச்சா, குழல் என்ன போர், எந்த ஆபீசில் ஃபைல் என்று எழுதுங்கள். பயிர் அழிந்தால் அன்றே போட்டோ எடுத்து, வி.ஏ.ஓ.விடமும் வனத்துறையிடமும் எழுத்தில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். வாய்வார்த்தை ஆபீசில் நிற்காது. மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்குத் தனித்தனியாகப் போகாமல் நூறு பேராகப் போவோம், நூறு மனுவோடு போவோம்.

கரண்ட் வேலி வேண்டாம். அவுட்டுக்காய் வேண்டாம். கள்ளத் துப்பாக்கியும் பால்ரசும் வேண்டாம். இவற்றை நாமே விட்டொழித்தால்தான் நாம் கேட்பதற்குப் பலம் வரும். யானையையோ மயிலையோ கொல்ல நாம் கேட்கவில்லை. பாராளுமன்றம் 1959-ல் எழுத்தில் கொடுத்த உரிமையை கையில் கொடு என்கிறோம்.

குண்டில்லாத துப்பாக்கி வெறும் தடி!
வழியில்லாத லைசென்ஸ் வெறும் காகிதம்!
பயிரைக் காப்போம்! உயிரையும் காப்போம்!
விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!